குன்றுக்கு ஒரு பழைய பேரு: கெல்டிக் "*ப்ரிக்ஸ்" எங்கிருந்து வந்துச்சுன்னு நீங்களே படிப்படியா கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

இங்கிலாந்துல லெஸ்டர்ஷயர்ல ப்ரீடன் ஆன் தி ஹில்னு ஒரு சின்ன ஊர் இருக்கு. சுத்தி எல்லாம் தாழ்வான வயல்வெளி, நடுவுல சுண்ணாம்புக்கல் குன்று ஒண்ணு மட்டும் தனியா எழுந்து நிக்கும், உச்சில பழைய சர்ச், ஒரு பக்கம் முழுக்க கல்குவாரிக்காக செங்குத்தா வெட்டி எடுத்துட்டாங்க. அந்த ஊர் பேரைப் பிரிச்சுப் பாருங்க. "ப்ரீ"ங்கிறது அங்க முன்னாடி இருந்த கெல்டிக் மொழிக்காரங்க (வெல்ஷ், ஐரிஷ் எல்லாம் சேந்த மொழிக் குடும்பம்) குன்றுக்கு சொன்ன சொல்லு. அப்புறம் வந்த ஆங்கிலேயர்களுக்கு அது அர்த்தமில்லாத ஒரு பேரா கேட்டுச்சு, அதனால தங்களோட "டூன்" சேத்தாங்க, அதுவும் குன்று தான். கொஞ்ச நூற்றாண்டு போனதும் அந்த "டன்"னும் யாருக்கும் புரியல, "ஆன் தி ஹில்"னு மறுபடி சேத்தாங்க. ஆக மொத்தம் குன்று-குன்று-குன்றுமேல. நாம நீலகிரி மலைன்னு சொல்றோமே, கிரின்னாலே மலை தான், அதே கதை.

இந்த முதல் துண்டு இருக்கே, அந்த "ப்ரீ", அதைப் பிடிச்சுட்டு பின்னாடி நடந்தா சுமார் அஞ்சாயிரம் வருஷம் வரைக்கும் போகலாம். மொழியியல்காரங்க அதுக்கு *ப்ரிக்ஸ்னு ஒரு வடிவம் கட்டி வச்சிருக்காங்க. அதை எப்படி கட்டுனாங்க, அது சரின்னு எப்படி தெரியும், நாமளே ஒரு நோட்டு பேனா வச்சுட்டு அதை எப்படி செஞ்சு பாக்கலாம், அதைத் தான் இங்க எழுதப் போறேன். மொழியியல் படிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல, பொறுமை மட்டும் வேணும்.

தொடங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம்

அந்த நட்சத்திரக் குறி என்னன்னா, "இந்த வடிவம் எந்தக் கல்லுலயும் ஏட்டுலயும் கிடைக்கல, மிஞ்சி இருக்கிற மொழிகளை ஒப்பிட்டு நாங்க கட்டுனது"ன்னு அர்த்தம். 19ஆம் நூற்றாண்டுல ஆகஸ்ட் ஷ்லைஷர்ங்கிற ஜெர்மன் அறிஞர் இந்தக் குறியைப் பயன்படுத்தி வழக்கமாக்கினார். சில பேர் நட்சத்திரம் போட்டாலே "ஓ, வெறும் கற்பனை"ன்னு தள்ளிடுறாங்க. அப்படி இல்லைங்க. நட்சத்திரம் போட்ட சொல்லு ஒவ்வொண்ணும் ஒரு கணக்கோட விடை, அதுக்குப் பின்னாடி படிகள் இருக்கு, யாரு வேணாலும் அந்தப் படிகளை மறுபடி போட்டு சரி பாக்கலாம், தப்பா இருந்தா தப்புன்னு காட்டலாம்.

ரெண்டாவது எழுத்து சமாச்சாரம். நம்ம எழுத்துல ப ஒண்ணு தான், க ஒண்ணு தான். இந்தக் கட்டுரைல "ப்ரி", "பர்", "பெர்க்"னு வர்றதெல்லாம் பஸ்ல வர்ற மாதிரி அழுத்தமில்லாத ப, வேற மாதிரின்னா நான் தனியா சொல்றேன். "ப்ரிகா"ல வர்ற க வந்து தங்கத்துல வர்ற க. இதை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி ஒரு நாணயத்துல இதே பிரச்சினை வேற ஒரு மக்களுக்கும் இருந்ததைப் பாக்கப் போறோம்.

படி 1: இன்னைக்கு இருக்கிற பேர்ல இருந்து தொடங்காதீங்க

எல்லாரும் செய்யற முதல் தப்பு இது தான். மேப்ல ஒரு ஊர் பேரைப் பாத்து, நமக்குத் தெரிஞ்ச சொல்லு மாதிரி இருக்கேன்னு உடனே முடிச்சுப் போட்டுடுவோம். ஊர் பேரு காலப்போக்குல தேயும், ஒடியும், வேற மொழிக்காரன் வாய்ல மாட்டி உருமாறும். அதனால கிடைக்கிறதுலயே பழைய பதிவைத் தேடுங்க. ப்ரீடனுக்கு அப்படி ஒரு பதிவு இருக்கு: 731ல கான்டர்பரி ஆர்ச்பிஷப் ஆன டாட்வின்ங்கிறவர் முன்னாடி எந்த மடத்துல இருந்தார்னு எழுதுற இடத்துல, பீட்ங்கிற துறவி அந்த மடத்தோட பேரை "ப்ரியுடுன்"னு குறிச்சிருக்கார். அங்க ஹில் இல்ல. "ப்ரியு" தனி, "டுன்" தனி, அழகா தெரியுது.

நோட்டுல மூணு பத்தி போடுங்க. முதல் பத்தில இன்னைக்கும் பேசுற, இல்ல சமீபம் வரைக்கும் பேசுன கெல்டிக் மொழிகள்: வெல்ஷ்ல "ப்ரே"ன்னா குன்று, கார்னிஷ்லயும் "ப்ரே", ப்ரெட்டன்லயும் "ப்ரே". வேல்ஸ்ல ஆங்கிள்சி தீவுல மொய்ல்வ்ரேன்னு ஒரு ஊர், "மொய்ல்"னா மொட்டை, "வ்ரே"ங்கிறது ப்ரே தான், வெல்ஷ்ல சொல்லு சேரும்போது முதல் எழுத்து இளகும், ஆக மொட்டைக் குன்று. பிரான்ஸ்ல, ப்ரெட்டன் பேசுற ப்ரிட்டனிங்கிற பகுதில மெனெஸ் ப்ரேன்னு 302 மீட்டர் உயரத்துல ஒண்ணு இருக்கு, மெனெஸ்னா ப்ரெட்டன்ல மலை, அதுவும் மலை-குன்று. ஆங்கிலேயர் மட்டும் இல்ல, சொந்த மொழிக்காரங்களுக்கே பழைய சொல்லு மறந்து போறது உண்டு.

ரெண்டாவது பத்தில பழைய ஐரிஷ். இதுக்கு தனிப் படி வேணும், இப்பவே வர்றேன்.

மூணாவது பத்தில ரோமர் காலத்து ஊர் பேர்கள், கல்வெட்டு, நாணயம். இது தான் குவியல் குவியலா கிடைக்கும், படி 5ல பாக்கலாம்.

படி 2: வேற்றுமை உருபு ஏறும்போது என்ன வெளிய வருதுன்னு பாருங்க

இந்த முழு வேலையிலயும் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது, அதனால கொஞ்சம் நிதானமா போறேன்.

பழைய ஐரிஷ்ல குன்றுக்கு "ப்ரீ". இதை மட்டும் வச்சா ஒண்ணும் தேறாது, ஒரு ப, ஒரு ர, ஒரு ஈ, அவ்வளவு தான், உலகத்துல எந்த மொழியோட வேணாலும் ஒட்ட வைக்கலாம். ஆனா "குன்றோட"ன்னு சொல்லணும்னா ஐரிஷ்ல "ப்ரெக்"னு மாறும். எங்கிருந்தோ ஒரு க வந்து நிக்குது பாருங்க.

நமக்கு இது புதுசு இல்ல. மரம்னு சொல்றோம், உருபு சேத்தா மரத்தை, மரத்துக்கு. மரம்ங்கிற வடிவத்துல ஒளிஞ்சு இருக்கிற "த்து" உருபு ஏறினா தான் தெரியும். வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் அகராதில மரம்னு மட்டும் பாத்தா அந்த "த்து" இருக்குன்னே அவருக்குத் தெரியாது. அதே மாதிரி தான் ஐரிஷ் ப்ரீயும். அந்த க பின்னாடி வந்து ஒட்டிக்கல, ஆதியிலயே இருந்தது, எழுவாய் வடிவத்துல தேஞ்சு போச்சு, "ப்ரெக்"ல மட்டும் தப்பிச்சு நின்னுச்சு. அயர்லாந்துல மீத் பக்கம் இருக்கிற பழைய நாட்டுப் பகுதிக்கு ப்ரேகான்னு பேரு, மக் ப்ரெக்னு சொல்வாங்க, குன்றுகளோட சமவெளி. அங்கயும் அந்த க உயிரோட இருக்கு.

இது சும்மா ஊகமா இல்ல ஒழுங்கான்னு சரி பாக்கணும்ல, அதுக்கு அதே அச்சுல வார்த்த இன்னொரு சொல்லு வேணும். ராஜாவுக்கு பழைய ஐரிஷ்ல "ரீ". "ராஜாவோட"ன்னா "ரீக்". அச்சு அசல் அதே நடத்தை. ராஜா விஷயத்துல நமக்கு ஒரு அதிர்ஷ்டம், கால் (Gaul) நாட்டுல, அதாவது இன்னைய பிரான்ஸ் பக்கம், ரோமர் காலத்துலயே அந்தச் சொல்லு முழுசா பதிவாகி இருக்கு: வெர்சின்கெடோரிக்ஸ், டும்னோரிக்ஸ், அந்த கடைசி "ரிக்ஸ்" தான் அது. அப்போ ரீ / ரீக் பின்னாடி *ரீக்ஸ் இருந்துச்சுன்னா, ப்ரீ / ப்ரெக் பின்னாடி *ப்ரிக்ஸ், "குன்றோட" *ப்ரிகோஸ். இ எப்படி எ ஆச்சுன்னா, ஐரிஷ்ல அடுத்த அசைல ஒ, ஆ மாதிரி உயிர் இருந்தா முன்னாடி இருக்கிற இ கீழ இறங்கி எ ஆகும், அது அந்த மொழில பல சொல்லுல நடக்குற பொது விதி.

படி 3: வெல்ஷ் ஏன் "ப்ரே"ன்னு இருக்குன்னு பதில் சொல்லுங்க

ஐரிஷுக்கு கிடைச்ச விடை வெல்ஷுக்கும் ஒத்துப் போகணும். வெல்ஷ்ல க காணோம், உயிரும் எ. இங்க ரெண்டு விதி வேலை செய்யுது. ஒண்ணு, ரெண்டு உயிருக்கு நடுவுல இருந்த தங்கத்து-க வெல்ஷ்ல இளகி இளகி கடைசில காத்தோட போயிடும். வீட்டுக்கு பழைய ஐரிஷ்ல "டெக்", வெல்ஷ்ல வெறும் "டீ". க போன இடம் தெரியுதா. ரெண்டாவது, கடைசில ஆ இருந்தா முன்னாடி இருக்கிற இ, எ ஆகும். இன்னைக்கும் வெல்ஷ்ல வெள்ளைக்கு ஆண்பால் "க்வின்", பெண்பால் "க்வென்", காரணம் பழைய பெண்பால் வடிவத்துல கடைசில ஒரு ஆ இருந்துச்சு, அந்த ஆ உதிர்ந்து போனாலும் அது பண்ணிட்டுப் போன வேலை அப்படியே நிக்குது.

இந்த ரெண்டையும் போட்டா வெல்ஷ் "ப்ரே"க்கு பின்னாடி *ப்ரிகா வருது. ஐரிஷுக்கு *ப்ரிக்ஸ், வெல்ஷுக்கு *ப்ரிகா. ரெண்டும் ஒரே வேர், ஒண்ணு நேரடியா வேர்ல ஸ் மட்டும் சேத்தது, இன்னொண்ணு ஆ விகுதி சேத்து நீட்டுனது. இப்படி ரெண்டு வடிவம் கிடைச்சா பயப்படாதீங்க, எதையாவது ஒண்ணை அமுக்கி இன்னொண்ணா ஆக்கணும்னு முயற்சி பண்ணாதீங்க, ரெண்டையும் எழுதி வைங்க. ரோமர் காலத்து ஊர் பேர்கள்ல எல்லாம் இந்த ஆ வடிவம் தான் வரும்.

படி 4: குடும்பத்தை விட்டு வெளிய போங்க

இப்போ கெல்டிக் வீட்டுக்குள்ள இருந்து வெளிய வந்து சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறோம். ஜெர்மன்ல மலைக்கு "பெர்க்", கோட்டைக்கு "புர்க்". ஹிட்டைட்ல, அதாவது மூவாயிரத்து சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி துருக்கில களிமண் பலகைல எழுதுன மொழில, உயரமானதுக்கு "பர்க்கு" (இது பல்லுல வர்ற ப). ஆர்மீனியன்ல உயரமானது "பர்ட்ஸ்ர்". அவெஸ்தன்ல, அதாவது ஈரானோட பழைய வேத மொழில, "பெரெஸந்த்". சமஸ்கிருதத்துல "ப்ருஹத்", பெரியது, உயர்ந்தது.

இதையெல்லாம் சேத்து கட்டுன ஆதி இந்தோ-ஐரோப்பிய (இந்த மொழிகளுக்கெல்லாம் பொதுவான தாய்மொழி) வேர் *பெர்க், முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மூச்சுக் காத்து சேந்தது, பாரதம்ல வர்ற ப மாதிரி. அர்த்தம் உயர்ந்து நிக்கிறது. இந்த வேர்ல உயிரெழுத்து இருந்தா "பெர்க்", உயிரை எடுத்துட்டா ர மட்டும் தனியா அசையைத் தாங்கும், கிருஷ்ணன்ல வர்ற ரு மாதிரி. அந்த உயிர் இல்லாத வடிவத்துல இருந்து தான் கெல்டிக் ப்ரிக் வந்துச்சுன்னு சொல்றாங்க.

சரி, "ஓசை கொஞ்சம் ஒத்துப் போகுது"ன்னு ஏத்துக்கலாமா? கூடாது. விதி வேணும். உயிர் இல்லாத ர, வல்லெழுத்துக்கு முன்னாடி வந்தா கெல்டிக்ல "ரி" ஆகும், ஜெர்மானிக்ல (ஆங்கிலம், ஜெர்மன் சேந்த கிளை) "உர்" ஆகும். இது விதின்னா வேற சொல்லுலயும் நடந்திருக்கணும். நடந்திருக்கு. அதுவும் நிலத்தைச் சொல்ற இன்னொரு சொல்லுலயே.

ஆத்துல இறங்கி நடந்து கடக்குற துறைக்கு கால் மொழில "ரிட்டு", வெல்ஷ்ல "ரீட்". அதுக்கே ஆங்கிலத்துல "ஃபோர்ட்", அதோட பழைய ஜெர்மானிக் வடிவம் "ஃபுர்து". ஆக்ஸ்ஃபோர்டுக்கு வெல்ஷ்காரங்க இன்னைக்கும் ரீடீகென்னு சொல்வாங்க, ரீட்னா துறை, மீதி மாடுகள், ஆங்கிலப் பேரோட அர்த்தமும் அதே தான். இதுக்கு ஆதி வடிவத்துல முதல்ல ஒரு ப (பல்லு-ப) இருந்துச்சு, கெல்டிக் மொழிகள் அந்த ப-வை அடியோட தொலைச்சது ரொம்பப் பிரபலமான விஷயம், ஜெர்மானிக்ல அது ஃப ஆச்சு. அந்த முதல் எழுத்தை விட்டுட்டு மீதியை மட்டும் பக்கத்துல பக்கத்துல வைங்க:

ரிட்டு – ஃபுர்து
ப்ரிக் – புர்க்

ரி இருக்கிற இடத்துல உர். ரெண்டு தடவையும். நான் முதல் தடவை இதை நோட்டுல எழுதி, ரி-யையும் உர்-ஐயும் சிவப்புப் பேனாவால வட்டம் போட்டுப் பாத்தப்ப, ராத்திரி ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தை மூடவே மனசு வரல. யாரோ ரெண்டு கூட்டம் ஒரே ஊர்ல இருந்து பிரிஞ்சு போய், ஒருத்தரை ஒருத்தர் பாக்காமலே, ஒரே சொல்லை ஆளுக்கு ஒரு விதமா ஆனா ஒழுங்கு தவறாம மாத்திக்கிட்டே வந்திருக்காங்க. இதயத்துக்கும் பாருங்க, பழைய ஐரிஷ்ல "க்ரிதெ", அந்த ரி கிரேக்கத்துல "கர்தியா"ன்னு அர் ஆகி நிக்குது. மூணாவது சாட்சி.

ஒண்ணு நேர்மையா சொல்லணும், "புர்க்" பத்தி ஒரு பழைய வாதம் இருக்கு, அது சுத்தமான ஜெர்மானிக் சொல்லா இல்ல லத்தீன் "புர்குஸ்", கிரேக்கம் "புர்கோஸ்" பக்கத்துல இருந்து கலந்ததான்னு. என் கருத்துல அந்தக் கலப்பு ஓரளவு நடந்திருந்தாலும் நம்ம கணக்கு கெடாது, ஏன்னா "பெர்க்" தனியா நிக்குது, சமஸ்கிருதமும் அவெஸ்தனும் ஹிட்டைட்டும் தனித்தனியா நிக்குது. ஒரு சாட்சி தடுமாறுனா கேஸே விழுந்துடக் கூடாது, அந்த அளவுக்கு சாட்சி சேத்து வச்சுக்கணும்.

சமஸ்கிருதத்துல முதல் எழுத்துல மூச்சொலி ஏன் இல்லைன்னு கேப்பீங்க. ஒரே வேர்ல ரெண்டு மூச்சொலி வந்தா முதல் எழுத்து தன்னோட மூச்சை விட்டுடும், அது சமஸ்கிருதத்துலயும் கிரேக்கத்துலயும் இருக்கிற விதி. கடைசி எழுத்து வெறும் ஹ ஆயிடுச்சு. அதான் ப்ருஹத்.

இந்த ப்ருஹத் நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. தஞ்சாவூர் பெரிய கோயில், 1010ல ராஜராஜன் கட்டி முடிச்சது, கல்வெட்டுல ராஜராஜீஸ்வரம், பின்னாடி வந்த பேரு பிரகதீஸ்வரர். ப்ருஹத் கூட ஈஸ்வரர். அந்த "பிரக", லெஸ்டர்ஷயர் குன்றோட "ப்ரீ", ரெண்டும் ஒரே வேரோட பேரப் பிள்ளைங்க. இது ஓசை ஒத்துமையை வச்சு சொல்றது இல்ல, மேல போட்ட விதிகளை வச்சு.

இன்னும் ஒரு படி நெருக்கமான சொந்தம் இருக்கு. ப்ருஹத்துக்குப் பெண்பால் "ப்ருஹதீ". அவெஸ்தன்ல அதே பெண்பால் "பெரெஸைதீ", ஹரா பெரெஸைதீன்னு ஒரு புராண மலை, அந்தப் பேரு தேஞ்சு தேஞ்சு தான் ஈரான்ல இன்னைக்கு அல்போர்ஸ் மலைத்தொடர். கெல்டிக்ல அதே பெண்பாலைக் கட்டுனா *ப்ரிகன்டீ, உயர்ந்தவள். அது தான் அயர்லாந்துல ப்ரிகிட்ங்கிற புனிதரோட பேரு, அவங்களுக்கு பிப்ரவரி 1ஆம் தேதி திருநாள், 2023ல இருந்து அங்க அரசு விடுமுறையும் விடுறாங்க. வட இங்கிலாந்துல ரோமர் காலத்துல ப்ரிகன்டெஸ்னு ஒரு பெரிய இனம், கார்டிமன்டுவாங்கிற ராணி ஆண்ட இனம், ப்ரிகன்டியாங்கிற தேவிக்கு அங்க கல்வெட்டுகளும் உண்டு. ஆஸ்திரியால ப்ரெகென்ஸ், பழைய பேரு ப்ரிகன்டியம். பிரான்ஸ் ஆல்ப்ஸ்ல ப்ரியான்சோன், பழைய பேரு ப்ரிகன்டியோ, 1,326 மீட்டர் உயரத்துல உக்காந்திருக்கிற ஊர், பேருக்கு ஏத்த இடம்.

படி 5: ஊர் பேர்களை நிலத்தோட வச்சுப் பாருங்க

ஸ்பெயின், போர்ச்சுகல் மேப்பை எடுத்துக்குங்க, ரோமர் கால மேப்பா இருக்கணும். "ப்ரிகா"ன்னு முடியற பேரு அள்ள அள்ள வரும். செகோப்ரிகா, "செகோ"ன்னா வெற்றி, பலம். நெர்டோப்ரிகா, "நெர்டோ"ன்னா வலிமை, வெல்ஷ்ல இன்னைக்கும் "நெர்த்". கோனிம்ப்ரிகா, இதோட கதை தனி: 465லயும் 468லயும் ஸ்வேபிங்கிற படைக்காரங்க தாக்கி ஊர் சீரழிஞ்சுச்சு, காலப்போக்குல பிஷப்பும் மக்களும் பக்கத்துல இருந்த எமினியத்துக்குப் போனாங்க, போகும்போது ஊர் பேரையும் கூட எடுத்துட்டுப் போயிட்டாங்க. எமினியம்ங்கிற பேரு மறைஞ்சு கோயிம்ப்ரா ஆச்சு, இன்னைக்கு பெரிய பல்கலைக்கழக ஊர். அதனால கோயிம்ப்ராவோட குன்றைப் பாத்து "ஆகா, ப்ரிகா பேரு பொருந்துதே"ன்னு எழுதிடாதீங்க. அந்தப் பேரு பொறந்த குன்று வேற.

இப்போ அந்த நாணயம். செகோப்ரிகா பேர்ல கெல்டிபீரியர்கள் (ஸ்பெயின்ல இருந்த கெல்டிக் மொழிக்காரங்க) வெள்ளிக் காசு அடிச்சாங்க, ஒரு பக்கம் தலை, மறு பக்கம் ஈட்டி பிடிச்ச குதிரைவீரன், குதிரைக்குக் கீழ எழுத்து. அந்த எழுத்து ஐபீரியர்கள்கிட்ட இருந்து கடன் வாங்குனது, அதுல ர, ஸ, உயிரெழுத்துக்கு எல்லாம் தனித்தனி குறி உண்டு, ஆனா க, ட, ப வரிசைக்கு உயிரோட சேந்த குறி தான், கெ-க்கு ஒரு குறி, கொ-வுக்கு ஒரு குறி, பி-க்கு ஒரு குறி. அந்த வரிசைல மெய் மட்டும் எழுத வழியே இல்ல. அப்போ "ப்ரி"ன்னு எப்படி எழுதுவாங்க? "பிரி"ன்னு. காசுல இருக்கிறது ஸ்-எ-கொ-பி-ர்-இ-கெ-ஸ், எட்டு குறி, செகொபிரிகெஸ். அதோட அந்த எழுத்துல ரெண்டு வித க-வுக்கும் ஒரே குறி, தங்கத்து-க, பக்கத்து-க வித்தியாசம் இல்ல.

தமிழ்ல எழுதுற நமக்கு இது எவ்வளவு பழக்கமான நிலைமை பாருங்க. ப்ருஹத்தை பிரகத்னு எழுதுறோம், ஒரே க-வை ரெண்டு விதமா படிக்கிறோம். அதனால காசுல "பிரி"ன்னு இருக்கே, அப்போ அவங்க அப்படித் தான் உச்சரிச்சாங்கன்னு எடுத்துக்கக் கூடாது. எழுத்தோட கட்டுப்பாடு வேற, வாயோட ஓசை வேற. பழைய பதிவைப் படிக்கும்போது எந்த எழுத்துல எழுதியிருக்கு, அந்த எழுத்தால எதை எழுத முடியாதுன்னு முதல்ல கேக்கணும், ஐரோப்பிய வாசகரை விட நம்மாளுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

அர்த்தம் எப்படி நகர்ந்துச்சுன்னும் இந்தப் பேர்களே சொல்லும். முதல்ல குன்று. குன்று மேல கோட்டை கட்டுனாங்க, அதனால குன்றுக்கோட்டை. கோட்டைக்குள்ள ஊர், அதனால ஊர். ரோமர் ஆட்சி வந்ததும் ஜூலியோப்ரிகா, அகஸ்டோப்ரிகா, சீசரோப்ரிகா, ஃப்ளாவியோப்ரிகான்னு பேரரசர் குடும்பப் பேருக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டாங்க. இங்க குன்று இருக்கான்னு யாரும் பாக்கல, ப்ரிகான்னா ஊர், அவ்வளவு தான். சமஸ்கிருதத்துல புர்னா அரண் போட்ட இடம், நாம இன்னைக்கு சமதரைல பிளாட் போட்டு லட்சுமிபுரம்னு பேர் வைக்கிறோம்ல, அதே நகர்வு. ஃப்ளாவியோப்ரிகா கடற்கரைல இருக்கிற இன்னைய காஸ்ட்ரோ உர்தியாலெஸ். அகஸ்டோப்ரிகா இருந்த இடம் 1960கள்ல அணைத் தண்ணிக்குள்ள போயிடுச்சு, கோயில் தூண்களை மட்டும் பிரிச்சு எடுத்து மேட்டுல மறுபடி நிறுத்தி வச்சிருக்காங்க. ஜெர்மனில ரைன் கரைல இருக்கிற போப்பார்ட் கூட பழைய பவுடோப்ரிகா தான்.

அதனால நிலத்தைப் பாருங்க, கான்டூர் கோடு போட்ட மேப்பை எடுத்து உயரம் பாருங்க, ஆனா பேரு எந்தக் காலத்துல வச்சதுன்னு தெரிஞ்ச பிறகு பாருங்க. ரோமருக்கு முந்தின பேருன்னா குன்று இருக்கணும்னு எதிர்பாக்கலாம், பேரரசர் பேரோட வந்தா எதிர்பாக்க வேண்டாம்.

படி 6: பள்ளங்கள்

இந்த வேலைல விழறதுக்கு பள்ளம் நிறைய. சிலதை மட்டும் சொல்றேன்.

"ப்ரிவா". ஒரே ஒரு எழுத்து வித்தியாசம், ஆனா அது பாலம். பிரான்ஸ்ல அமியென்ஸ் ஊருக்கு பழைய பேரு சமரோப்ரிவா, சோம் ஆத்துப் பாலம். ஸ்காட்லாந்துல "ப்ரிக்"னு வந்தாலும் பாலம் தான், அது நார்ஸ் மொழி வழியா வந்தது, கெல்டிக்கே இல்ல.

"ப்ரின்". வெல்ஷ்ல இதுவும் குன்று தான், ப்ரே பக்கத்துல வச்சா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனா அதோட சொந்தம் "ப்ரோன்", மார்பு. மார்பு மாதிரி எழுந்து நிக்கிற நிலம்னு போன பேரு. வேற வேர்.

வேல்ஸ்ல பென்ப்ரே, பெம்ப்ரோக்னு ரெண்டு ஊர், பேரு கேக்க ஒரே மாதிரி இருக்கும். முதல் பேரு பென் கூட ப்ரே, குன்றோட தலை. ரெண்டாவது வெல்ஷ்ல பென்வ்ரோ, பென் கூட ப்ரோ, ப்ரோன்னா நாடு, நிலத்தோட முனை. சம்பந்தமே இல்ல.

பல்கேரியா கரைல மெசெம்ப்ரியா, இன்னைக்கு நெசெபர். அங்க "ப்ரியா"ங்கிறது த்ரேசியன் மொழில ஊர்னு அர்த்தம்னு கிரேக்க புவியியலாளர் ஸ்ட்ராபோவே எழுதி வச்சிருக்கார். க இல்ல, மொழி வேற, குடும்பக் கிளை வேற. அர்த்தமும் ஓசையும் ரெண்டும் கிட்டத்தட்ட ஒத்துப் போறதால இது தான் ரொம்ப ஆபத்தானது.

கடைசியா நம்ம வீட்டுப் பள்ளம். தஞ்சாவூர்ல அதே சாமிக்கு தமிழ்ல பெருவுடையார். பெரு, பெரிய. ஜெர்மன்ல பெர்க். அர்த்தமும் பெருசு, உயரம். நானும் ஒரு காலத்துல இதைப் பாத்து பெரிய கண்டுபிடிப்புன்னு நம்பினேன். மேல போட்ட படிகளை நேர்மையா போட்டா அது நிக்காது. பெரு-வோட சொந்தக்காரங்க கன்னடத்துல ஹிரிய, மலையாளத்துல பெரு, கன்னடத்துல ப எல்லாம் ஹ ஆச்சு (பால் – ஹாலு, பல்லு – ஹல்லு), அந்த விதிப்படி பின்னாடி போனா திராவிட வேர்ல இருக்கிறது பல்லு-ப, மூச்சொலியும் இல்ல, பஸ்-ப-வும் இல்ல. அதை விட முக்கியம், இந்தோ-ஐரோப்பிய வேர்ல அந்த கடைசி க வேரோட எலும்பு, ஹிட்டைட்ல க்கு, அவெஸ்தன்ல ஸ, சமஸ்கிருதத்துல ஹ, ஐரிஷ்ல க்னு எல்லா வீட்லயும் ஏதோ ஒரு உருவத்துல நிக்குது. பெரிய, பெரு, பேர்-ல எங்கயும் அது இல்ல. ஆக ஒரே கோயில்ல ஒரே சாமிக்கு ஒரே அர்த்தத்துல ரெண்டு பேரு, பெருவுடையார், பிரகதீஸ்வரர், ரெண்டும் ப, ர-ன்னு தான் தொடங்குது, ஆனா ஒண்ணு திராவிட வேர், இன்னொண்ணு லெஸ்டர்ஷயர் குன்றோட வேர். எனக்கு தமிழ் மேல இருக்கிற அன்பால தான் சொல்றேன், நம்ம சொல்லுக்கு சொந்தமா ஒரு முழு வரலாறு இருக்கு, அதை இன்னொரு குடும்பத்துல கொண்டுபோய் ஒட்ட வைக்கணும்னு இல்ல.

படி 7: அட்டைல எழுதி முடிங்க

ஒவ்வொரு சொல்லுக்கும் நான் ஒரு அட்டை வச்சிருக்கேன். இந்தச் சொல்லுக்கு எழுதுனது இப்படி இருக்கு: *ப்ரிக்ஸ், "குன்றோட" *ப்ரிகோஸ், நீட்டுன வடிவம் *ப்ரிகா. அர்த்தம் குன்று, பிறகு குன்றுக்கோட்டை, பிறகு ஊர். சாட்சி ஐரிஷ் ப்ரீ/ப்ரெக், வெல்ஷ் ப்ரே, காசுல செகொபிரிகெஸ். விதிக்குத் துணை ரீ/ரீக், க்வின்/க்வென், ரிட்டு/ஃபுர்து. வெளிச் சொந்தம் பெர்க், ப்ருஹத், பெரெஸந்த், பர்க்கு. தள்ளுனது ப்ரிவா, ப்ரின், ப்ரோ, ப்ரியா, பெரு. தள்ளுனதையும் ஏன் தள்ளுனேன்னு எழுதி வைக்கிறது ரொம்ப முக்கியம், இல்லைன்னா ஆறு மாசம் கழிச்சு அதே பள்ளத்துல மறுபடி விழுவோம்.

அடுத்து நீங்க தனியா போட்டுப் பாக்க ஒரு சொல்லு தர்றேன். இங்கிலாந்துல கப்பல் ஏறுற டோவர் துறைமுகம், ரோமர் காலத்துல டுப்ரிஸ். பழைய ஐரிஷ்ல தண்ணிக்கு "டொபுர்", வெல்ஷ்ல பழைய வடிவம் "டூவ்ர்", இன்னைக்கு தேஞ்சு "டூர்". மூணு பத்தி போடுங்க, வெல்ஷ்ல எந்த எழுத்து இளகி எங்க போச்சுன்னு பாருங்க, ஐரிஷ்ல உ ஏன் ஒ ஆச்சுங்கிறதுக்கு படி 2ல சொன்ன இறங்குற விதியையே இங்கயும் போட்டுப் பாருங்க.